பேர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு தறிக்கு வந்தவன் நான். சின்ன ர எங்கே போடுவது, பெரிய ற எங்கே போடுவது என்பது இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. திருத்தித் தருகிறேன் என்று என் மனைவி சொன்னாள். அவளைப் பற்றியும் இதில் வருவதால் வேண்டாம் என்று விட்டேன். நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. ஒரு தடவைதான் பேசியிருக்கிறேன். அதைத்தான் எழுதப்போகிறேன். யார் பேரையும் எழுதவில்லை, நாயின் பேரையும் சேர்த்துத்தான்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக வேலை பார்க்கிறேன். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அதனால் ஷெட்டுக்குள் கையால்தான் பேசிக்கொள்வோம். இழை அறுந்தால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்ட வேண்டும். கையை மேலே தூக்கினால் தறியை நிறுத்து என்று அர்த்தம். ஒருவனைக் கூப்பிட வேண்டுமானால் கையை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, விரல்களை இரண்டு தரம் மடக்க வேண்டும். அவன் குனிந்து வேலையாக இருந்தால் கழிவு நூலை உருட்டி அவன்மேல் எறிவோம். திரும்பிப் பார்ப்பான். பிறகு கையைக் காட்டுவோம்.

என் மனைவியும் கல்யாணத்துக்கு முன்னால் தார் சுற்றும், அதாவது தறிக்குக் குழலில் நூல் சுற்றும், வேலைக்குப் போனவள். எங்கள் வீடு ஷெட்டுச் சுவரை ஒட்டியே இருக்கிறது. ஆகையால் வீட்டிலும் பாதிப் பேச்சு கையால்தான். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. இத்தனை வருஷச் சத்தத்தில் என் காது மந்தமாகிவிட்டது. பின்னால் இருந்து யாராவது கூப்பிட்டால் தெரியாது. தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கூச்சக்காரன், பேசமாட்டான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாய் வந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்கள் ஊர் வெள்ளை நாய்க்கு வெளியூரில் கிராக்கி. தேவதானத்துப் பக்கம் இருந்து எங்கள் ஷெட்டுக்கு வருகிற ஒருவர் வீட்டில் குட்டி போட்டிருந்தது. எல்லாம் போய் ஒன்று மிஞ்சியது. "நீ வச்சுக்கோ, சும்மாதான்" என்று பைக்குள் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். குட்டி விற்கிறவர்கள் அவற்றுக்குப் பின்னால் நின்று தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். திரும்பாத குட்டியை யாரும் வாங்கமாட்டார்கள். அன்றைக்கு எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை. குட்டியின் மூக்கு ரோஸ் நிறத்தில் இருந்தது. என் விரலை மென்றுகொண்டிருந்தது.

நாங்கள் ஷெட்டுக்காரர்களைக் கூப்பிடுகிற மாதிரியே அதையும் கூப்பிட்டோம். நூல் உருண்டையை எறிவோம், திரும்பும். கையை இறக்கி விரலை மடக்குவோம், ஓடி வரும். கையை உயர்த்தினால் நின்றுவிடும். சோறு வைத்துவிட்டு நான் கையை உயர்த்தியே வைத்திருந்தால், இறக்கும்வரை எச்சில் ஒழுகிக்கொண்டு நிற்கும். பேர் வைத்திருந்தோம். ஆனால் அந்தப் பேரைச் சொல்லி அதைக் கூப்பிட்டதில்லை. அக்கம்பக்கத்தில் அதைப் பற்றிப் பேசும்போதுதான் அந்தப் பேர் பயன்பட்டது.

இதை என் மனைவி செல்போனில் எடுத்துப் போட ஆரம்பித்தாள். முகம் வரக்கூடாது என்று நான் சொன்னதால் என் கை மட்டும்தான் அதில் வரும். 'சத்தமே போடாம சொன்னா கேக்கும் எங்க வீட்டுப் பிள்ளை' என்று கீழே எழுதினாள். சனங்கள் வந்து குவிந்தார்கள். எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டவர்களுக்கு, பாசம்தான் என்று பதில் போட்டாள். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. சாயங்காலம் வேலை முடிந்து வந்தால் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று எனக்கு வாசித்துக் காட்டுவாள். அவள் முகத்தை அப்படி நான் அதிகம் பார்த்ததில்லை.

எங்கள் ஷெட்டில் ஒருவர் கிடா வளர்க்கிறார். அவரும் எடுத்துப் போட்டார். நல்ல கிடா, கொம்பெல்லாம் எண்ணெய் போட்டு மினுக்கி வைத்திருந்தார். கீழே எழுதிய பத்துப் பேரில் எட்டுப் பேர், எத்தனை கிலோ தேறும் என்று கேட்டிருந்தார்கள். சேவலைப் போட்டவரிடம், சண்டைக்கு விடுவீர்களா என்று கேட்டார்கள். எதிர்த்த வீட்டுப் பூனை ஷெட்டில் பாவு நூல் சுற்றிய உருளைமேல் ஏறிப் படுத்துக்கொண்டு யாரையும் மதிக்காமல் இருந்ததை ஒருவர் போட்டார். அதற்குக் கூட்டம். டீ குடிக்கிற இடத்தில் இதைப் பற்றிப் பெரிய பேச்சு நடந்தது. கிடாக்காரருக்கு ஆத்திரம். "என் கிடாவும் மூஞ்சியைக் காட்டிக்கிட்டுத்தானப்பா நிக்குது, அதுல என்ன குறையக் கண்டானுவ" என்றார். "குறை ஒண்ணும் இல்ல, அதப் பாத்ததும் பசி வந்துருது" என்று இன்னொருவர் சொன்னார். நானும் சிரித்தேன். அப்போது ஒன்று மட்டும் கவனித்தேன். நாயையும் பூனையையும் போட்டால்தான் 'பேர் என்ன' என்று கேட்கிறார்கள்.

போன தீபாவளியன்று தெருவில் சரவெடி போட்டார்கள். மற்ற நாய்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு கிடந்தன. எங்களுடையது வாசலில், வெடிக்குப் பத்தடி தள்ளி, காலை நீட்டித் தூங்கியது. 'பயம்னா என்னன்னே தெரியாது' என்று எழுதி என் மனைவி அதைப் போட்டாள். அதுவரை போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். குட்டி விற்கிறவர்கள் தட்டைத் தட்டிப் பார்ப்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுநாள் காலையில் அவள் உள்ளே உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருந்தபோது, நாய்க்குப் பின்னால் போய் நின்று அதன் சோற்றுத் தட்டைக் கரண்டியால் ஓங்கித் தட்டினேன். திரும்பவில்லை. மூன்று தரம் தட்டினேன். அது வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தட்டைக் கழுவிப் பழைய இடத்தில் வைத்தேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மாசி மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மச்சினன் மகளுக்குக் காதுகுத்து. மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. மடவார் வளாகத்துக் கோவிலில் வைத்துக் குத்திவிட்டு, வீட்டில் சாப்பாடு. நாயைக் கூட்டி வராமல் வரக்கூடாது என்று மச்சினன் கட்டாயமாகச் சொல்லிவிட்டான். சொந்தக்காரர்கள் எல்லாரும் போனில் பார்த்த நாயை நேரில் பார்க்க வேண்டுமாம். லோடு ஆட்டோவில் கூட்டிப்போனோம். கோவில் முடிந்து வந்ததும் அவன் வீட்டுக் கேட்டில் கட்டினேன். ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். அதன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றவர்கள் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கேட்டுக்கு உள்பக்கம் இருந்து மச்சினன் வந்தான். விளையாட்டாக, பின்னால் இருந்து இரண்டு கையாலும் அதன் வயிற்றைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினான். எனக்குத் தெரியும் அது எப்படி இருக்கும் என்று. நான் கிட்டப் போவதற்குள் நாய் துள்ளித் திமிறிவிட்டது. இந்த நாய்களுக்குத் தலை ஒடுக்கம், கழுத்தும் தலையும் ஒரே பருமன். கழுத்துப்பட்டை உருவி அவன் கையில் கிடந்தது. நாய் தெருமுனையில் வெள்ளையாகத் தெரிந்தது. அடுத்த நொடி அதுவும் தெரியவில்லை.

என் மனைவி தம்பியைப் பிடித்துக்கொண்டாள். விசேஷ வீடு என்றும் பார்க்கவில்லை. மாமன் முறைக்கு வந்தவர்கள், சம்பந்தக்காரர்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்ததைப் பேசினாள். அவன் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி, மகளுக்குக் காது குத்திய நாளும் அதுவுமாக, கண் கலங்கி நின்றான். அவன் செய்தது தப்பில்லை. பின்னால் இருந்து தொடாதே என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் தொட்டிருக்கமாட்டான். நான் அந்த இடத்தில்தான் நின்றேன். சொல்லவில்லை.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா படம் போடுகிற பக்கத்திலேயே ஒரு வீடியோ போட்டான். நாய் ஸ்ரீவில்லிபுத்தூரில் தொலைந்துவிட்டது, பேர் இது, பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், வரும் என்று சொன்னான். அரை மணி நேரத்தில் ஊரே இறங்கிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் பைக்கில் தெருத் தெருவாகப் போனார்கள். பிஸ்கட் வாங்கி வைத்துக்கொண்டு விசிலடித்தார்கள். நாங்கள் வீட்டில்கூடச் சொல்லாத அந்தப் பேரைச் சந்துக்குச் சந்து சத்தமாகக் கேட்டேன். எனக்கே கேட்டது என்றால் எம்புட்டுச் சத்தம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் வந்துகொண்டே இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்த்தோம், தேர் நிற்கிற இடத்தில் பார்த்தோம் என்றார்கள். வெள்ளையாக இருந்த நாய் எல்லாம் எங்கள் நாயாகிவிட்டது. பிறகு நிஜமான படம் ஒன்று வந்தது. கண்மாய்ப் பக்கம், வாலை இடுக்கிக்கொண்டு, பின்னால் திரும்பிப் பார்த்தபடி ஓடுகிறது. கூப்பிட்டோம், நிற்காமல் ஓடுகிறது என்று எடுத்தவர் எழுதியிருந்தார். பத்து நிமிஷம் கழித்து இன்னொரு படம். அதில் முதல் இடத்துக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் நின்றது. ராஜபாளையம் ரோட்டில் பஸ்ஸும் டிப்பர் லாரியும் எப்படிப் போகும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். காது கேட்கிற நாயே அதில் தப்பாது.

நான் கண்மாய்க்கரைக்கு ஓடினேன். பைக்கில் வந்த நாலைந்து பேர் கையை ஆட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் நல்லதுதான் செய்கிறார்கள். ஆனால் நாயின் கண்ணுக்கு என்ன தெரியும்? தெரியாத ஆட்கள் வாயைத் திறந்துகொண்டு துரத்துகிறார்கள் என்றுதான் தெரியும். ஒவ்வொருவரும் அதை ரோட்டுப் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தக்கூடிய ஒரு வார்த்தை என்னிடம் இருந்தது. அதைச் சொல்லாமலே ஓடினேன். சொன்னால் என் மனைவி அத்தனை பேருக்கும் முன்னால் பொய்க்காரி ஆகிவிடுவாள். நாலு மாதமாக ஏன் மறைத்தாய் என்று கேட்டால், என் காதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிவரும்.

கரையில் ஒரு அம்மா கையில் வெறும் கயிறோடு நடந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாலு எட்டு வைப்பார், நின்று இருமுவார், சுற்றிலும் பார்ப்பார். உடம்புக்கு முடியவில்லையோ என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும், செவலைப் பசு ஒன்றைப் பார்த்தாயா, நெற்றியில் சுட்டி, இடது கொம்பு கொஞ்சம் உள்ளே மடங்கியிருக்கும் என்று கேட்டார். காணாமல்போய் நாலு நாளாம். இருமினால் திரும்பிப் பார்க்கும், அதனால்தான் இருமிக்கொண்டே போகிறேன் என்றார். பைக்கில் வந்தவர்களிடம் பசுவைக் கேட்டதற்கு, அவர்கள் போனை நீட்டி இந்த நாயைப் பார்த்தீர்களா என்று கேட்டார்களாம்.

"யாரோ பெரிய எடத்து நாய் போல, தம்பி. ஊரே தேடுது."

"எங்க நாய்தான்க்கா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காதுகுத்துக்கு உடுத்திய வேட்டி முழங்கால்வரை சேறாக இருந்தது. "அம்புட்டுப் பேரு கூப்பிட்டும் வராம என்ன நாய் வளக்க நீ?"

"அதுக்குக் காது கேக்காதுக்கா."

முதன்முதலாக அதை நான் வாயால் சொன்னது முன்பின் தெரியாத அவரிடம்தான். அவர் ஒன்றும் அதிர்ச்சி அடையவில்லை. "பொறவு எதுக்கு இந்தப் பயலுவ தொண்ட கிழியக் கத்துதானுவ? நீ சொல்ல வேண்டியதுதான" என்றார். எப்படிக் கூப்பிட்டால் வரும் என்று கேட்டார். கையை இறக்கி விரலை மடக்கிக் காட்டினேன். நிறுத்துவதற்குக் கையை உயர்த்திக் காட்டினேன். கயிறைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவரும் இரண்டையும் செய்து பார்த்தார். பட்டன் போன் வைத்திருந்தார். என் மனைவியின் நம்பரை அதில் அடித்துக் கொடுத்தேன். ரோட்டோரமாகத்தான் போகிறேன், கண்ணில் பட்டால் சொல்கிறேன், என் பசு உன் கண்ணில் பட்டால் நீயும் சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன்.

திரும்பி ஓடினேன். வழியில் என் மனைவியே எதிரே வந்தாள். செருப்பில்லை. கையில் போன். அவளைச் சுவர் ஓரமாக நிறுத்தினேன்.

"அதுக்குக் காது கேக்காது" என்றேன்.

"யாருக்கு?"

"நம்ம நாய்க்கு. குட்டியில இருந்தே கேக்காது."

அவள் என் வாயையே பார்த்தாள். பக்கத்துச் சந்தில் யாரோ அந்தப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"தீபாவளிக்கு."

"நாலு மாசமா" என்றாள். பிறகு, "என் தம்பிய அம்புட்டுச் சனத்துக்கு முன்னால நான் அந்தப் பேச்சுப் பேசினேன். பக்கத்துலதான நின்னீக."

நான் தலையை ஆட்டினேன். அவள் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. போனை என் கையில் திணித்தாள். நீயே சொல்லேன் என்று கையால் காட்டினேன். மாட்டேன் என்றாள்.

"நான் சொன்னா நடிப்பும்பாக. என்னைய யாரு பாத்தா? இத்தன நாளா அவிய பாத்தது இந்தக் கையத்தான். இந்தக் கை சொன்னாத்தான் நம்புவாக."

வீடியோ எடுக்கப் போனைத் திருப்பி வாங்கி அவள்தான் பிடித்தாள். என் முகத்துக்கு நேராக இருந்தது. முதல் தடவை வாயே திறக்கவில்லை. இரண்டாவது தடவை என் குரல் எனக்கே வெளியே போனதா என்று தெரியவில்லை. மூன்றாவது தடவை அவள் போனுக்குப் பின்னால் இருந்து ஒரு கையை மட்டும் நீட்டி, இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினாள். இழை அறுந்தது என்பதற்கு ஷெட்டில் காட்டுகிற சைகை. இழை அறுந்தால் யோசித்துக்கொண்டு நிற்கமாட்டோம், ஓடிப்போய் முடிச்சுப் போடுவோம். பேசிவிட்டேன்.

"நாய்க்குக் காது கேக்காது. எனக்குத் தெரியும், நான் யார்ட்டயும் சொல்லல. என் வீட்டுக்காரிக்குத் தெரியாது. எனக்கும் காது சரியாக் கேக்காது. தயவுசெஞ்சு பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க. விரட்டாதீங்க. கண்டா வண்டிய நிறுத்திட்டுத் தரையில உக்காந்துருங்க. கைய இப்படிக் கீழ எறக்கி மடக்குங்க. ரோட்டுப் பக்கம் போச்சுன்னா கைய இப்படி மேல தூக்குங்க, நிக்கும்."

அதைப் போட்டதும் கீழே வந்தவற்றை என் மனைவி எனக்கு வாசித்துக் காட்டவில்லை. எட்டிப் பார்த்தேன். ஏமாற்றுக்காரன் என்று முதலில் ஒருவர் எழுதியிருந்தார். செவிட்டு நாயை வைத்து லைக் வாங்கிய குடும்பம் என்று அடுத்தவர். அவள் கட்டை விரல் அந்த எழுத்துமேல் அப்படியே நின்றது. ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒன்று நடந்தது. தெருவில் சத்தம் குறைந்தது. முதலில் என் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைத்தேன். "கூப்பிடுறத நிறுத்திட்டாக" என்று அவள் சொன்னாள்.

போன் வந்தது. அந்த அம்மாதான். எனக்குப் போனில் கேட்காது என்பதை இனி மறைக்க வேண்டியதில்லை. மனைவியே பேசட்டும் என்று விட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இடது கையால் எனக்குச் சொன்னாள். ரோட்டைக் காட்டினாள், நிற்கிறது என்று காட்டினாள். அதற்கு அப்புறம் காட்டியது எனக்குப் புரியவில்லை. அவள் வாயால் சொன்னாள். "ரோட்டுக்கு அந்தப் பக்கமாம்."

மச்சினன் பைக்கை எடுத்து வந்தான். இரண்டு பேரும் பின்னால் ஏறினோம்.

நாங்கள் போனபோது அந்த அம்மா ரோட்டுக்கு இந்தப் பக்கம் புளிய மரத்தடியில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் மடியில் இறுக்கிக் கட்டியிருந்தார். நாய் அந்தப் பக்கம் முள்செடி ஓரத்தில் நின்றது. நடுவில் வண்டிகள். அவர் முதலில் கையை இறக்கி மடக்கியிருக்கிறார். நாய் உடனே ரோட்டில் காலை வைத்துவிட்டது. ஒரு பஸ் மயிரிழையில் தாண்டிப் போயிருக்கிறது. கையை உயர்த்தி அதை நிறுத்திவிட்டு, அதற்கப்புறம் கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். "மடக்கிராத தம்பி, வந்துரும்" என்று மட்டும் சொன்னார்.

நாய் என்னைப் பார்த்துவிட்டது. அதன் வால் ஆடியதை இங்கிருந்தே பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் தாரின்மேல் வந்துவிட்டன. நான் கையை உயர்த்தினேன். நின்றது.

சோறு வைத்துவிட்டு உயர்த்துகிற அதே கை. ஆனால் வீட்டில் எனக்கும் அதற்கும் நடுவில் ஒன்றும் இருக்காது. இங்கே ஒரு பஸ் வந்து எங்களை மறைத்தது. பஸ் போனதும் பார்த்தால் நாய் ஓர் எட்டு முன்னால் நின்றது. கையை இன்னும் உயர்த்தினேன். அடுத்து ஒரு டிப்பர். அது போனதும் இன்னோர் எட்டு. கண்ணில் நான் தெரிகிறவரை நிற்கும். மறைந்தால் என் கை அதற்கு இல்லை. ராஜபாளையம் பக்கம் இருந்து இரண்டு லாரி ஒன்றன்பின் ஒன்றாக வருவது தெரிந்தது. என் மனைவி என் வேட்டியைப் பின்னால் பிடித்திருந்தாள். நான் குறுக்கே பாய்ந்தால் நாயும் என்னை நோக்கிப் பாயும்.

அப்போது பைக்கில் வந்த இரண்டு ஆட்கள் நின்றார்கள். ஒருவர் என்னைப் பார்த்தார், உயர்த்திய கையைப் பார்த்தார், நாயைப் பார்த்தார். வீடியோவைப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஹாரன் அடிக்கவில்லை, கத்தவில்லை. பைக்கை நடு ரோட்டில் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி, லாரியைப் பார்த்து என்னைப் போலவே கையை உயர்த்தினார். மற்றவர் எதிர்ப்பக்கம் ஓடிப்போய் உயர்த்தினார். முதல் லாரி பிரேக் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. லாரிக்காரர் தலையை வெளியே நீட்டித் திட்டினார். அது வேறு யாருக்கோ என்பதுபோல அவர்கள் நின்றார்கள்.

நான் உயர்த்திய கையோடு ரோட்டைக் கடந்தேன். கீழே விட்டுவிடக்கூடாது என்று மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன். அது ரோட்டோரக் கோட்டில் நின்று, சோற்றுக்கு நிற்பதுபோல, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் மண்டியிட்ட பிறகுதான் கையை இறக்கினேன். விரலை மடக்க வேண்டியிருக்கவில்லை.

மச்சினனிடம் அங்கேயே சொன்னேன், தப்பு என்னுடையது என்று. அவன் என் வேட்டியில் இருந்த சேற்றைப் பார்த்தான். "நாலு மாசம் வாயைத் தொறக்கல. இன்னைக்கு ஊருக்கே தொறந்துட்டீக அத்தான். முதல்ல எனக்குச் சொல்லியிருந்தா எம் மக விசேஷத்துக்கு நாலு பந்தியாவது பாத்துப் போட்டிருப்பேன்" என்றான். அவன் அக்காவோடு பேச ஒரு வாரம் ஆயிற்று. என்னோடு அவள் பேச அதைவிட இரண்டு நாள் கூட.

ரோட்டில் நடந்ததை யாரோ தூரத்தில் இருந்து எடுத்திருக்கிறார்கள். எங்கெங்கோ போயிற்று. நான் ஏமாற்றுக்காரனா இல்லையா என்று அதன் கீழே இன்னும் சண்டை நடக்கிறதாம். என் மனைவி தீபாவளி வீடியோவை எடுக்கவில்லை. 'இதற்குக் காது கேட்காது. அப்போது எனக்குத் தெரியாது' என்று அதன் கீழே எழுதிவைத்தாள்.

பசுவைப் பற்றியும் எங்கள் பக்கத்தில் போட்டோம். அந்த அம்மாவிடம் அதன் படம் ஒன்றுகூட இல்லை. பதினோரு வருஷம் வைத்திருக்கிற மாட்டை யாரும் படம் எடுத்ததில்லை. செவலை, சுட்டி, மடங்கிய கொம்பு என்று எழுத்தாகத்தான் போட்டோம். அன்றைக்கு ஊரே திரண்டது எங்கள் கண்ணில் இருந்தது. அதே ஆட்கள்தான் பார்த்தார்கள். 'நாய் எப்படி இருக்கிறது' என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நானும் மூன்று நாள் வேலைக்குப் போய்விட்டுத்தான் நாலாவது நாள் தேடப் போனேன். அதற்குள் அவரே கண்டுபிடித்துவிட்டார். மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பில், யாரோ கட்டிப்போட்ட மாடுகளோடு நின்றதாம். காணாமல்போய் எட்டாவது நாள். வேலிக்கு வெளியே நின்று இருமியிருக்கிறார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் போனோம். பேர் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பசுவைக் காட்டிக் கேட்டேன். "பேரு எதுக்கு? ஒண்ணே ஒண்ணுதான நிக்குது" என்றார். நாங்கள் பார்ப்பதற்காக ஒரு தரம் இருமினார். பசு வைக்கோலை விட்டுவிட்டுத் தலையைத் திருப்பியது. அந்த நேரத்தில் என் மனைவி படம் எடுத்தாள். முகம் நேராக விழுந்திருந்தது. பெரிய கண், ஈரமான மூக்கு, நாய்க்கு எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை. எங்கள் பக்கத்தில் அதைப் போட்டாள். எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்டார்கள்.

கிடாக்காரருக்கு இப்போது நான் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன், ஆனால் அவர் மறந்துவிட்டார். மாட்டையும் ஆட்டையும் பார்த்தால் அது நமக்கு என்ன தரும் என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. நாயிடமும் பூனையிடமும் போடக் கணக்கு இல்லை. அதனால் முகத்தைப் பார்க்கிறோம். அந்த முகத்தில் நமக்கு வேண்டியதை எழுதிக்கொள்கிறோம். நான் காது கேட்கும் என்று எழுதிக்கொண்டேன். என் மனைவி பாசம் என்று எழுதினாள். இதில் அவள் எழுதியது மட்டும் தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது.

போன மாதம் திண்டுக்கல் பக்கமிருந்து ஒரு வீட்டார், எங்கள் வெள்ளை நாயும் கூப்பிட்டால் திரும்பவில்லை, என்னென்ன சைகை காட்டுவீர்கள், எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அதை எழுதத்தான் இந்த நோட்டை வாங்கினேன். சைகைகள் முதல் பக்கத்திலேயே முடிந்துவிட்டன. பின்னால் இருந்து தொடாதீர்கள் என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். மீதிப் பக்கம் சும்மா கிடந்தது.

நாய் என் காலடியில் தூங்குகிறது. எழுந்திருக்கும்போது மிதித்துவிடாமல் இருக்க, அதன் முதுகின்மேல் ஒரு பாதத்தை வைத்துக்கொண்டே எழுதினேன்.

ஆவணி 14, ஞாயிற்றுக்கிழமை. ராஜபாளையம்.